படுக்கையருகே ஓர் ஆய்வுக்கட்டுரை

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மட்டக்களப்பில் மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கும் எனக்கு நெடுநாளாக ஒரு மனக்குறை உண்டு. நம் பிள்ளைகள் ஆய்வுக்கட்டுரைகளைப் படிப்பதில்லை. மேலே இருக்கும் சுருக்கத்தைப் பார்த்து, அதன் கடைசி வரியைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். இதில் அவர்கள்மேல் பிழை இல்லை. ஐந்து வருடப் படிப்பில் ஒரேயொரு கட்டுரையையாவது கடைசி அட்டவணை வரை அவர்களோடு உட்கார்ந்து படித்த ஆசிரியர் எத்தனை பேர்? நானே பல வருடங்கள் அதைச் செய்யாமல் இருந்தேன்.

இப்போது செய்கிறேன். பாம்புக்கடியிலிருந்துதான் தொடங்குகிறேன். படுவான்கரை வயலில் புடையன் கடித்த விவசாயியை விடுதியில் பார்க்காத மாணவர் இங்கே இல்லை. விஷமுறிவு மருந்து உயிரைக் காக்கும். அதே மருந்து கடுமையான ஒவ்வாமையையும் கிளப்பும். அதைத் தடுக்க ஐதரோகோட்டிசோனும் புரோமெதசீனும் முன்கூட்டியே கொடுக்கும் வழக்கம் மூத்த வைத்தியரிடமிருந்து இளையவருக்குக் கைமாறி வந்தது. இலங்கை ஆய்வாளர்கள் அந்த வழக்கத்தைச் சோதித்து 2011இல் முடிவை வெளியிட்டார்கள். சேர்க்கப்பட்டவர்கள் 1007 நோயாளிகள். அட்ரினலின், புரோமெதசீன், ஐதரோகோட்டிசோன் ஆகிய மூன்றையும் தனித்தனியாகவும் சேர்த்தும் போலி மருந்தோடு ஒப்பிட எழுமாற்றாக எட்டுக் குழுக்கள்.

வகுப்பில் நான் சுருக்கத்தைக் கையால் மறைத்துவிடுவேன். “முறையியலைப் படி. யாரைச் சேர்த்தார்கள், யாரை விட்டார்கள்? எந்த ஊசி யாருக்குப் போகிறது என்று கொடுத்த வைத்தியருக்குத் தெரியுமா?” என்று கேட்பேன். முதலில் மௌனம்தான். பிறகு ஒருவர் மெல்ல, “சேர், கர்ப்பிணிகளைச் சேர்த்தார்களா?” என்பார். அந்த இடத்தில்தான் வாசிப்பு ஆரம்பிக்கிறது. அந்தக் கேள்வியை எழுப்பியவர் நாளை ஒரு கர்ப்பிணியின் படுக்கையருகே நிற்கும்போது ஒரு கணம் யோசிப்பார்.

அதன் பின்னரே முடிவுக்கு வருவோம். தோலுக்கடியில் போடும் 0.25 மில்லிலீற்றர் அட்ரினலின், கடுமையான ஒவ்வாமையை முதல் மணித்தியாலத்தில் 43 வீதம் குறைத்தது. மற்ற இரண்டும் பயன் தரவில்லை. ஐதரோகோட்டிசோனைச் சேர்த்துக் கொடுத்தபோது அட்ரினலினின் நன்மையும் இல்லாமல் போனது. நல்ல நோக்கத்தோடு கொடுத்துவந்த மருந்து அது!

அந்த 43இல்தான் அநேகர் தடுக்கி விழுகிறார்கள். நூறு பேரில் 43 பேர் தப்பினார்கள் என்று எண்ணிவிடுகிறார்கள். கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டுவேன். நூறு பேரில் 40 பேருக்கு வரக்கூடிய ஆபத்து 43 வீதம் குறைந்தால் ஏறக்குறைய 23 பேருக்கு வரும். தப்பியவர்கள் 17 பேர். நான்கு பேருக்கே வரக்கூடியதென்றால் தப்புபவர் இரண்டு பேர்கூட இல்லை. வீதம் ஒன்றுதான், விடுதியில் அதன் பெறுமதி வேறு.

இன்னொரு கட்டுரையும் கட்டாயம் படிக்க வைக்கிறேன். மாரடைப்புக்குப் பின் இதயத் துடிப்பின் ஒழுங்கீனத்தை அடக்கும் இரண்டு மருந்துகளைப் பற்றி 1991இல் வெளிவந்தது அது. ஈ.சி.ஜி. தாளில் துடிப்பு சீரானது. ஆனால் மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்தார்கள். போலி மருந்து எடுத்த 743 பேரில் இறந்தவர்கள் 26 பேர். இந்த அட்டவணையைப் பார்த்த பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசமாட்டார்கள்.

கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. படித்து முடித்ததும் அதைத் தமிழில், நோயாளியின் தாய்க்குச் சொல்வதுபோல் சொல்லச் சொல்கிறேன். சொற்களை மனனம் செய்தவர் அங்கே திணறுவார். விளங்கிக்கொண்டவருக்குச் சொல் தானாக வரும். சென்ற பெரும்போகத்தில் ஓர் அம்மா, “மகள், பாம்பு கடித்ததற்கு மருந்து ஏறப்போகிறதே, அதற்கு முன்னால் இந்தச் சின்ன ஊசி எதற்கு?” என்று கேட்டார். இறுதியாண்டு மாணவி கட்டிலோரம் குனிந்து, “அந்த மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது அம்மா. இதை முதலில் போட்டால் அந்த ஆபத்து குறைகிறது என்று நம் நாட்டிலேயே ஆயிரம் பேரிடம் பார்த்திருக்கிறார்கள்” என்றார். அந்த அம்மா தலையசைத்துவிட்டு மகனின் கையைப் பிடித்துக்கொண்டார்.