வாயுவாகிப் பறந்த நிக்கல்

நேயர்களுக்கு வணக்கம். உலோகப் பரப்பில் நடக்கும் வேதிவினைகளைப் பற்றிப் பேசுமாறு கேட்டிருக்கிறார்கள். கசிந்துபோன ஒரு வால்விலிருந்து தொடங்குகிறேன்.

இங்கிலாந்தின் வின்னிங்டனில் சோடா ஆலை நடத்திய லுட்விக் மாண்ட், அம்மோனியம் குளோரைடு ஆவி செல்லும் வழியில் நிக்கல் வால்வுகளைப் பொருத்தினார். ஆய்வகத்தில் அந்த ஆவிக்கு அசைந்து கொடுக்காத நிக்கல், ஆலையில் கரி படிந்து கசியத் தொடங்கியது. ஆலையில் ஓடிய வாயுவில் சிறிதளவு கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தது.

மாண்டும் உதவியாளர்களான லாங்கர், குவின்கே ஆகியோரும் நுண்ணிய நிக்கல் தூளின்மேல் கார்பன் மோனாக்சைடைச் செலுத்தி ஆராய்ந்தார்கள். அது நச்சு வாயு. ஆகவே வெளியேறும் முனையிலேயே அதைக் கொளுத்திவிடுவார்கள். நிக்கல் ஆறிக்கொண்டிருந்தபோது, நீலமாக எரியவேண்டிய சுடர் பச்சை கலந்த மஞ்சளாகப் பிரகாசித்தது. அதில் குளிர்ந்த பீங்கானைக் காட்டினால் பளபளவென்று நிக்கல் படிந்தது. ஆக, உலோகமே வாயுவோடு கலந்து வந்திருக்கிறது! அப்படி வந்த சேர்மத்தைக் குளிர்வித்தால் 43 டிகிரி செல்சியசில் கொதிக்கும் திரவமாகிறது. அதன் பெயர் நிக்கல் கார்பனைல். 1890இல் இதை அறிவித்தார்கள். ஒரு நிக்கல் அணு, அதைச் சூழ்ந்து நான்கு கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகள். கார்பனும் உலோகமும் பிணையும் சேர்மங்களை ஆராயும் கரிம உலோக வேதியியலின் பாடம் பெரும்பாலும் இதில் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

கார்பன் முனை தன் எலக்ட்ரான் இணையை நிக்கலுக்குத் தருகிறது. நிக்கலும் சும்மா இருப்பதில்லை. தன்னிடமுள்ள எலக்ட்ரான்களில் கொஞ்சத்தை மூலக்கூறுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. கல்யாண வீட்டில் மொய் எழுதுவதைப் போன்ற கொடுக்கல் வாங்கல் இது. திரும்பிச் செல்லும் எலக்ட்ரான்கள் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான பிணைப்பைத் தளர்த்துகின்றன. அகச்சிவப்பு ஒளியில் பார்த்தால் அந்தத் தளர்ச்சியை அளக்கவே முடிகிறது. நிக்கல் பாளத்தின் பரப்பில் ஒட்டிய கார்பன் மோனாக்சைடிலும் இதே தளர்ச்சியைக் காண்கிறோம். குடுவையில் தனித்து நிற்கும் உலோக அணுவும் பாளத்தின் மேலடுக்கு அணுவும் விருந்தாளியை நடத்தும் விதம் ஒன்றுதான்.

ஏறத்தாழ 50 டிகிரியில் உருவாகும் கார்பனைல், 200 டிகிரியை ஒட்டிச் சிதைந்து தூய நிக்கலைத் தருகிறது. கோபால்ட் போன்றவை அந்தச் சூழலில் ஆவியாகாமல் பின்தங்கிவிடும். இந்த முறைக்காக வேல்ஸ் நாட்டின் கிளைடக்கில் 1902இல் சுத்திகரிப்பு ஆலையே எழுந்தது. கார்பனைலோ கொடிய நஞ்சு. மிகச் சிறிய அளவை முகர்ந்தாலும் நுரையீரலைத் தாக்கும்.

பிரான்சின் துலூஸ் நகரில் பால் சபாத்தியே வேறு கணக்குப் போட்டார். கார்பன் மோனாக்சைடு நிக்கலோடு சேருமானால், கார்பன் இரட்டைப் பிணைப்புள்ள எத்திலீன் வாயு ஏன் சேராது? 1897இல் சக ஆய்வாளர் செந்தெரானுடன் சேர்ந்து செய்துபார்த்தார். எதிர்பார்த்த சேர்மம் கைக்கு வரவில்லை. வெளிவந்த வாயுவில் ஈத்தேன் இருந்தது. எத்திலீனில் ஒரு பகுதி சிதைந்து ஹைட்ரஜனை விட, மிச்ச எத்திலீன் அதை ஏற்றிருந்தது. ஹைட்ரஜன் மூலக்கூறு நிக்கல் பரப்பில் இரண்டாகப் பிளக்கும். ஓர் அணு எத்திலீனோடு சேர்ந்ததும், நிக்கலைப் பற்றிய எத்தில் தொகுதி ஒன்று நொடிக்கும் குறைவாக வாழும். சபாத்தியே தேடிய கரிம உலோகப் பிணைப்பு அங்கேதான் இருந்தது, பரப்பைவிட்டு வெளியேறவில்லை, அவ்வளவே! இரண்டாவது அணுவும் சேர்ந்ததும் ஈத்தேன் பறந்துவிடும். 1912ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பாதி இவருக்கு. மறுபாதி மெக்னீசியத்தின் கரிமச் சேர்மங்களைத் தந்த கிரினியாருக்கு.

நம் சமையலறைக்கு வனஸ்பதி வந்ததும் இந்த நிக்கலால்தான். தாவர எண்ணெயின் இரட்டைப் பிணைப்புகளில் ஹைட்ரஜன் ஏறுகிறது, எண்ணெய் உறைகிறது. ஆனால் அந்த ஆலைக்குள் வரும் ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வார்கள். அது நுழைந்தால் நிக்கல் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய்க்கு இடம் கிடைக்காது.