யாருடைய பாடாந்தரம்?

நேயர்களுக்கு வணக்கம்.

கச்சேரி கேட்டுப் பழகியவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தெரிந்த கீர்த்தனையை ஒருவர் சற்று வேறு விதமாகப் பாடிவிட்டால், "இது யாருடைய பாடாந்தரம்?" என்று, அதாவது யாரிடமிருந்து வழிவழியாக வந்த பாடும் முறை என்று, பக்கத்து இருக்கைக்காரரிடம் மெல்லக் கேட்பார்கள். அமெரிக்கானா என்றும் வேர் இசை என்றும் இன்று சொல்லப்படும் அமெரிக்க மரபிசைக்குள் நான் நுழைந்தது இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான். கேட்க வேண்டியவர்களின் பட்டியல்கள் எனக்கு உதவவில்லை. பத்துப் பெயர்களைத் தாண்டுவதற்குள் காது சோர்ந்துவிடும். ஒரே ஒருவரை எடுத்துக்கொண்டு, இவர் யாரிடம் கேட்டுக் கற்றார் என்று விசாரித்துப் பாருங்கள். அடுத்த பெயர் தானாக வந்து நிற்கும்.

உங்களில் பலர் ஏற்கெனவே கேட்டிருக்கக்கூடிய ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். 2024-இல் அமெரிக்கப் பாடகி பியான்சே வெளியிட்ட 'டெக்சஸ் ஹோல்ட் எம்' பாடல் பான்ஜோ என்ற தந்தி வாத்தியத்தின் ஒலியோடு தொடங்கும். அதை வாசித்தவர் ரியானன் கிடன்ஸ். வட கரோலினா மாநிலத்துக்காரர். ஓபரா பாட முறையாகப் பயின்றவர். அந்தப் பயிற்சியை முடித்த பிறகு, 2005-இல் இரண்டு நண்பர்களுடன் மெபேன் என்ற சிற்றூரில் ஒரு முதியவரின் வீட்டுக்குப் போய் உட்காரத் தொடங்கினார். ஜோ தாம்சன் என்ற அந்த முதியவருக்கு அப்போது எண்பத்தைந்து வயதுக்கு மேல். நடனத்துக்கு வயலின் வாசிக்கும் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்து, தகப்பனாரிடம் வாசிப்பைப் பெற்றவர். அவர் எழுதிக் கொடுத்துச் சொல்லித்தரவில்லை. அவர் வாசிப்பார், இளைஞர்கள் கூடவே வாசிப்பார்கள். முழுக்க முழுக்கக் கேள்வி ஞானம். அந்த மூவரும் கரோலினா சாக்லெட் டிராப்ஸ் என்ற குழுவாக 2010-இல் வெளியிட்ட இசைத்தொகுப்பு கிராமி விருது பெற்றது.

பான்ஜோவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். வெள்ளையர் மலைக்கிராமங்களின் வாத்தியம் என்றுதான் உலகம் அதை நினைத்துக்கொண்டிருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் சுரைக்குடுக்கை வாத்தியங்களை நினைவில் சுமந்து, கடல் கடந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் தங்கள் கையால் செய்துகொண்டது அது. கிடன்ஸ் பல மேடைகளில் வாசிப்பது 1858-ஆம் ஆண்டுப் பான்ஜோ ஒன்றின் மாதிரியில் செய்யப்பட்ட வாத்தியம். கழுத்தில் சுர இடங்களைக் காட்டும் மெட்டுக்கட்டைகள் இல்லாதது. இன்றைய பான்ஜோவின் கணீர் ஒலி அதில் இராது. ஒலி தாழ்ந்து, மரத்தின் கதகதப்போடு வரும். என் காதுக்கு அந்த ஒலிதான் பிடித்திருக்கிறது.

இதே வட கரோலினாவில், சேப்பல் ஹில் ஊரை ஒட்டிய ரயில் பாதைக்கு அருகே வளர்ந்தவர் எலிசபெத் காட்டன். இன்று ஒருவரை மட்டும் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்றால் இவர் பெயரைத்தான் சொல்வேன். அண்ணன் வேலைக்குப் போன பிறகு அவருடைய பான்ஜோவை எடுத்து வாசித்துப் பார்த்த சிறுமி அவர். இடது கைப் பழக்கம். தந்திகளை மாற்றிக் கட்ட முடியாததால் வாத்தியத்தையே திருப்பிப் பிடித்துக்கொண்டார். பிறகு வீட்டு வேலை செய்து சேர்த்த காசில் கிட்டார் வாங்கினார். அதையும் அப்படியே தலைகீழாகப் பிடித்தார். மற்றவர்களுக்குக் கட்டைவிரல் தாழ்ந்த ஒலி தரும் மந்தரத் தந்தியில் தாளம் போடும், விரல்கள் மெட்டை வாசிக்கும். இவருக்கு விரல்கள் மந்தரத்தில் நடக்க, கட்டைவிரல் மெட்டைப் பாடியது. 'ஃபிரெயிட் டிரெயின்' என்ற சரக்கு ரயில் பாடலை அவர் இயற்றியபோது வயது பன்னிரண்டுக்குள். இறந்த பிறகும் ரயில் ஓசை கேட்கும் இடத்தில் தன்னைப் புதைக்கச் சொல்லும் பாடல் அது.

அப்புறம் திருமணம், தேவாலயம், பிழைப்பு. பல பத்தாண்டுகள் அவர் கிட்டாரைத் தொடவே இல்லை. 1940-களின் பிற்பகுதியில் வாஷிங்டனில் ஒரு பெரிய கடையில் வேலை செய்தபோது, வழிதவறி அழுத ஒரு சிறுமியைத் தாயிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தச் சிறுமி பெகி சீகர். தாய் ரூத் கிராஃபோர்ட் சீகர் என்ற இசையமைப்பாளர். அந்த அறிமுகத்தில் சீகர் வீட்டிலேயே சமையல், துவைப்பு வேலைக்குச் சேர்ந்தார். வீடு நிறைய நாட்டார் பாடல்கள். சுவரில் மாட்டியிருந்த கிட்டாரை ஒருநாள் எடுத்து வாசித்தார். பெகியின் அண்ணன் மைக் சீகர் ஒலிப்பதிவுக் கருவியோடு காட்டனின் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்தார். 1958-இல் ஃபோக்வேஸ் நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது. காட்டனுக்கு அப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. அதற்குள் இங்கிலாந்தில் அவருடைய ரயில் பாடலை வேறு ஆட்கள் தங்கள் பெயரில் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அந்த உரிமையை மீட்கத் தனியே போராட வேண்டியிருந்தது. 1985-இல், தொண்ணூறு வயதைக் கடந்து, கிராமி விருது வாங்கினார். அந்த முதல் இசைத்தட்டைத் தனிமையில் கேளுங்கள். குரல் மெலிந்திருக்கும், அங்கங்கே உடையும். கை மட்டும் ஓர் இடத்தில்கூடத் தயங்காது.

இதே ஃபோக்வேஸ் 1952-இல் வெளியிட்ட தொகுப்பு ஒன்று உண்டு. ஹாரி ஸ்மித் என்பவர், தான் சேர்த்து வைத்திருந்த 1920, 30-களின் இசைத்தட்டுகளிலிருந்து 84 பாடல்களைத் தேர்ந்து கொடுத்தார். அதில் இரண்டு பாடல்கள் மிசிசிப்பி ஜான் ஹர்ட் பாடியவை. 1928-இல் பதிவானவர். தட்டுகள் விற்கவில்லை, பொருளாதார வீழ்ச்சி வந்தது, அவர் வயலுக்குத் திரும்பிப் போனார். எங்கே இருக்கிறார், இருக்கிறாரா என்றே யாருக்கும் தெரியாது. முகவரியை வைத்திருந்தது அவருடைய பாட்டுதான். அவலான் தன் சொந்த ஊர் என்று ஒரு பாடலில் பாடியிருந்தார். டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் பழைய நிலப்படம் ஒன்றில் அந்த ஊரைத் தேடிக் கண்டுபிடித்து, 1963-இல் அங்கே போய் இறங்கினார். ஹர்ட் இருந்தார். கையில் கிட்டார்கூட இல்லை. அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டார் இசை விழா மேடையில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார். மூன்று ஆண்டுகளில் மறைந்தும் போனார். அந்த மூன்று ஆண்டுப் பதிவுகளைக் கேட்டால் முப்பத்தைந்து ஆண்டு இடைவெளி தெரியவே தெரியாது. வராந்தாவில் உட்கார்ந்து நமக்கு மட்டும் சொல்வதுபோல அவ்வளவு தணிவான குரல்.

கடைசியாகக் கார்ட்டர் குடும்பம் என்ற பாடகர் குழு. 1927 ஆகஸ்டில் பிரிஸ்டல் நகரில் ரால்ஃப் பியர் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் செய்த பதிவுகள் கன்ட்ரி இசையின் வரலாற்றில் எல்லோரும் சொல்லும் இடம். அதில் கிட்டார் வாசித்த மேபெல் கார்ட்டருக்கு வயது பதினெட்டு. அவர்களை எல்லோரும் அறிவார்கள். அவர்களோடு பாட்டுத் தேடி ஊர் ஊராக அலைந்த லெஸ்லி ரிடிலை அறிந்தவர்கள் குறைவு. விபத்தில் ஒரு காலை இழந்த கறுப்பினக் கிட்டார் கலைஞர் அவர். குடும்பத் தலைவர் ஏ. பி. கார்ட்டர் பாடலின் சொற்களை எழுதிக்கொள்ள, ரிடில் மெட்டை நெஞ்சில் ஏற்றிக்கொண்டு வருவார். மேபெலும் அவரிடம் வாசிப்பு கற்றிருக்கிறார். யாரிடம் கற்றீர்கள் என்ற கேள்விக்கு மேபெல் அந்தப் பெயரைச் சொல்ல, காட்டனைப் பதிவு செய்த அதே மைக் சீகர் 1965-இல் ரிடிலைத் தேடிப் பிடித்தார். நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், வாசிப்பை விட்டுவிட்டு வாழ்ந்துகொண்டிருந்தார். சீகர் அவரை மீண்டும் கிட்டாரை எடுக்க வைத்தார். அந்தப் பதிவுகள் 1993-இல் வெளிவந்தபோது ரிடில் உயிரோடு இல்லை.

கார்ட்டர் குடும்பத்தின் 'கேனன்பால் புளூஸ்' ரிடிலிடமிருந்து வந்த பாட்டு. முதலில் அவர்கள் பாடியதைக் கேளுங்கள். பிறகு ரிடிலின் தட்டைப் போட்டு, அவர் கை போகும் வழியைக் கவனியுங்கள். வணக்கம்.