வைக்கிங் வீரனுக்குக் கொம்பு வரையாதீங்க! கேடயம், கோடாரி கலரிங் ஸ்பெஷல்

[திரையில்: கலரிங் புத்தகத்தின் ஒரு பக்கம். கொம்பு வைத்த தலைக்கவசம், இரண்டு பக்கமும் அலகுள்ள கோடாரி, தங்க நிறக் கேடயம்.]

இந்தப் படத்தில் மூன்று தப்பு இருக்கிறது. வீடியோவை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு உங்கள் வீட்டுக் குட்டிகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கண்டுபிடித்தாச்சா? சரி, முதல் தப்பு கொம்பு. வைக்கிங் காலத்துத் தலைக்கவசம் ஒன்று 1943-ல் நார்வேயின் யெர்முன்ட்பூ என்ற இடத்தில் கிடைத்தது. கண்ணைச் சுற்றிக் கண்ணாடி போட்ட மாதிரி ஓர் இரும்புப் பட்டை இருக்கிறது, கொம்பு மட்டும் இல்லை. ஜெர்மனியின் பைராய்ட் நகரில் 1876-ல் வாக்னரின் இசை நாடகம் மேடையேறியபோது, உடை வடிவமைத்த டோப்ளர் சில தலைக்கவசங்களுக்குக் கொம்பு வைத்தார். மேடைக்கு எடுப்பாக இருந்தது, உலகம் பிடித்துக்கொண்டது. கலரிங் புத்தகம் போடுகிறவர்கள் இன்னும் விடவில்லை!

மற்ற இரண்டு தப்புக்கும் வருகிறேன். வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன்: வைக்கிங்குகள் இன்றைய நார்வே, டென்மார்க், ஸ்வீடன் பகுதிக்காரர்கள், ஏறத்தாழ 8-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 11-ஆம் நூற்றாண்டு வரை கடலில் போய் வியாபாரமும் செய்தார்கள், கொள்ளையும் அடித்தார்கள். அவ்வளவுதான். இப்போது கேடயத்துக்கு வருவோம், எனக்கு அதுதான் முக்கியம்.

[திரையில்: நீளமான மரக்கப்பல். பக்கவாட்டில் வரிசையாக வட்டக் கேடயங்கள்.]

நார்வேயில் சாண்டெஃப்யூர் ஊருக்குப் பக்கத்தில் கோக்ஸ்டாட் என்று ஒரு பண்ணை. அங்கே ஒரு பெரிய மண்மேடு இருந்தது. அந்தப் பண்ணைப் பையன்கள் அதைத் தோண்டப் போய், உள்ளே ஒரு கப்பலின் முனை தட்டுப்பட்டிருக்கிறது. விஷயம் தெரிந்து ஆய்வாளர் நிக்கோலாய்சன் ஓடிவந்தார். 1880-ல் முழுக் கப்பலும் வெளியே வந்தது. பெரிய மனிதர் ஒருவரைக் கப்பலோடு சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். களிமண் மூடியிருந்ததால் ஆயிரம் வருடம் ஆகியும் மரம் மக்கவில்லை.

அந்தக் கப்பலின் இரண்டு பக்கத்திலும் கேடயங்கள் கட்டியிருந்தன. பக்கத்துக்கு 32, மொத்தம் 64. நிறம் என்ன தெரியுமா? ஒன்று மஞ்சள், அடுத்தது கறுப்பு, மறுபடி மஞ்சள், மறுபடி கறுப்பு. அப்படியே கப்பல் நீளத்துக்கும். நம்ம ஊர் ஆட்டோ ஸ்டாண்டை நீளவாக்கில் பார்த்த மாதிரி இருந்திருக்கும்! இதைப் படித்த நாளிலிருந்து வைக்கிங் என்றாலே எனக்கு ஹாரன் சத்தம்தான் கேட்கிறது.

இதில் பிள்ளைகளுக்கு என்ன லாபம் என்றால், 24 கலர் பெட்டி வேண்டாம், இரண்டு கிரேயான் போதும். எல்.கே.ஜி. பிள்ளைக்கு 'அடுத்து என்ன கலர் வரும்?' என்ற விளையாட்டும் அதிலேயே கிடைத்துவிடும்.

வரைகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேடயங்கள் தள்ளித்தள்ளி இல்லை, ஒன்றின் மேல் ஒன்று பாதி ஏறி நிற்கும். அதனால் 32 முழு வட்டம் போடாதீர்கள், கப்பலே தெரியாது. டப்பா மூடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஒரே ஒரு முழு வட்டம். அப்புறம் மூடியைப் பாதி தூரம் நகர்த்தி, முதல் வட்டத்தைத் தொட்டதும் கோட்டை நிறுத்திவிடுங்கள். மீதி எல்லாம் பிறை பிறையாக வரும். ஆறேழு போட்டாலே கப்பல் களை வந்துவிடும்.

[திரையில்: ஒரு கேடயம் மட்டும், பெரிதாக.]

தனிக் கேடயம் வரைவதானால் சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வட்டம் போடுங்கள். நிஜக் கேடயம் ஏறக்குறைய 94 சென்டிமீட்டர் அகலம். ஒன்றாம் வகுப்புப் பையன் பின்னால் குந்தினால் ஆளே தெரியமாட்டான். ஒரே பலகை இல்லை, ஒல்லியான மரப்பலகைகள் ஏழெட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்த்தது. அதனால் மேலிருந்து கீழாக ஆறேழு கோடு. கலர் அடித்த பிறகும் அந்தக் கோடு மங்கலாகத் தெரியட்டும். நடுவில் ஒரு சின்ன வட்டம். அது இரும்புக் குமிழ், அதற்குப் பின்னால்தான் பிடிக்கிற கை இருக்கும். கைக்கு இடம் வேண்டும் என்பதற்காகத்தான் நடுவில் ஓட்டை போட்டு, அதன் மேல் குமிழை அறைந்திருக்கிறார்கள். இரும்பு, ஆகவே சாம்பல் நிறம். தங்கக் கேடயம் அடித்தவர்களே, அதுதான் இரண்டாவது தப்பு!

அதே கப்பலில் இன்னொன்றும் இருந்தது. குதிரைகள், நாய்கள் இவற்றோடு மயிலையும் சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள். ஆமாம், நம்ம மயில்தான்! நார்வே குளிருக்கு அது எந்தக் கை மாறி எந்தக் கை மாறிப் போய்ச் சேர்ந்ததோ. மஞ்சள், கறுப்பு போரடிக்கிறது என்று அடம்பிடிக்கிற பிள்ளைக்குக் கப்பலில் ஒரு மயிலைப் போட்டுக் கொடுங்கள், தாராளமாக நீலமும் பச்சையும் அடிக்கட்டும். யாராவது கேட்டால் ஆதாரம் இருக்கிறது.

[திரையில்: ஒரு கோடாரி, பக்கவாட்டில்.]

மூன்றாவது தப்பு கோடாரி. வைக்கிங் கோடாரிக்கு அலகு ஒரு பக்கம்தான். இரண்டு பக்க அலகெல்லாம் வீடியோ கேம்காரர்கள் கைங்கரியம். மரம் வெட்டியது, கப்பலுக்குப் பலகை செதுக்கியது எல்லாம் கோடாரியால்தான். கப்பல் வேலையில் ரம்பமே கிடையாது. கலர் அடிக்கும்போது சாம்பலை இரண்டு விதமாக அடியுங்கள். உடம்பு கருஞ்சாம்பல், வெட்டுகிற விளிம்பு மட்டும் வெளிர் சாம்பல். பல கோடாரிகளில் உடம்பு மெத்தென்ற இரும்பு, விளிம்பில் மட்டும் கெட்டியான எஃகைக் காய்ச்சி ஒட்டியிருப்பார்கள். பென்சிலை அழுத்தியும் அழுத்தாமலும் தேய்த்தாலே போதும்.

சிரிக்க ஒரு பக்கம் வேண்டுமா? ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831-ல் கிடைத்த சதுரங்கக் காய்களில் சில வீரர்கள் கேடயத்தின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு முழிக்கிறார்கள். வைக்கிங் காலத்துக்குச் சற்றுப் பிந்தியவை, 12-ஆம் நூற்றாண்டு, வால்ரஸ் தந்தத்தில் செதுக்கியவை. சண்டைக்கு முன் வெறி ஏற்றிக்கொள்கிறார்களாம். பார்த்தால் பசி மாதிரிதான் இருக்கிறது.

கடைசியாகப் பெரிய பிள்ளைகளுக்கு ஒன்று. டென்மார்க்கின் மாமன் என்ற ஊரில் 1868-ல் ஒரு வைக்கிங் கல்லறையில் கோடாரி ஒன்று கிடைத்தது. புதைத்தது 970-71 குளிர்காலம். இவ்வளவு கறாராக எப்படிச் சொல்கிறார்கள் என்றால், கல்லறை அறைக்கு வெட்டிய மரத்தின் வளையங்களை எண்ணித்தான். இரும்பில் மெல்லிய பள்ளம் கீறி, அதில் வெள்ளிக் கம்பியைத் தட்டிப் பதித்திருக்கிறார்கள். ஒரு பக்கம் கொடி கொடியாகப் பின்னிய செடி, மறுபக்கம் உடம்பெல்லாம் சுருண்ட ஒரு பறவை. கறுப்புத் தாளும் வெள்ளை பென்சிலும் எடுத்து வரைந்து பாருங்கள், அப்படியே வரும். பெட்டியில் யாரும் தொடாத அந்த வெள்ளை பென்சிலுக்கு இப்படி ஒரு வேலை!

அந்தப் பறவை என்ன என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. வடநாட்டுப் பழங்கதையில் வரும் சேவல் என்கிறார்கள் சிலர், கிறிஸ்தவர்களின் பீனிக்ஸ் என்கிறார்கள் சிலர். உங்கள் வீட்டில் என்ன சொல்கிறார்கள்? படத்தை முழுத்திரையில் பத்து வினாடி விடுகிறேன், பெரியவர்கள் வாயைத் திறக்காமல் பிள்ளைகளைக் கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே கமெண்டில் போடுங்கள்.

[திரையில்: மாமன் கோடாரியின் பறவைப் பக்கம், பத்து வினாடி.]