சத்தத்தைக் கூட்டுங்கள்!

(பட்டிமன்றத் தலைப்பு: தொலைக்காட்சித் தொடர்கள் குடும்பத்தைச் சேர்க்கின்றனவா, பிரிக்கின்றனவா? ‘சேர்க்கின்றன’ அணியின் உரை)

நடுவர் அவர்களுக்கும், விழாக் குழுவினருக்கும், ராத்திரி சீரியலைத் தியாகம் செய்துவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அண்ணன், “சீரியல் பார்க்கிறவர்களுக்கு மூளை ரிமோட்டில் இருக்கிறது” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள், சரி. “நான் ஒரு சீரியலும் பார்த்ததில்லை” என்றும் சொன்னார். சொல்லி மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, ஆணாதிக்கத்துக்கு உதாரணம் காட்ட ‘எதிர்நீச்சல்’ குணசேகரன் மாதிரியே “இந்தாம்மா ஏய்” என்றாரே, கவனித்தீர்களா? நடிகர் மாரிமுத்துவின் அந்த இழுப்பு சும்மா வருமா? தினமும் சாதகம் பண்ணணும்! அண்ணி முன்வரிசையில்தான் இருக்கிறார். அண்ணி, உங்கள் வீட்டில் ரிமோட் யார் கையில்? சிரிக்கிறார். நடுவர் அவர்களே, அந்தச் சிரிப்பை எங்கள் அணிக் கணக்கில் வரவு வையுங்கள்.

‘கோலங்கள்’ 2003இல் தொடங்கி 2009 வரை ஓடியதே, அவ்வளவு நீளமா என்றார். 1,500 எபிசோடு தாண்டியும் ஜனம் உட்கார்ந்திருந்தது அண்ணே. நீங்கள் பேசிய பத்து நிமிடத்தில் நாலு பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

தலைப்புக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் அப்பத்தா.

‘மெட்டி ஒலி’ ஓடிய காலம். அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் இரண்டு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. காரணம், பித்தளை அண்டா. சித்தி வீட்டு விசேஷத்துக்கு அம்மா கொடுத்தனுப்பியது, நசுங்கித் திரும்பி வந்தது. அன்றிலிருந்து நான்தான் தபால்காரன். அப்பத்தாவுக்குக் காது மந்தம். “சத்தத்தைக் கூட்டச் சொல்லுடா அவளை” என்பார். அம்மா ஒரே ஒரு புள்ளி கூட்டுவார். கோபம் அப்படி.

ஒருநாள் சரோ அழுகிற நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது. தெருவே வெளியில். கம்பத்தில் லைன்மேன். கீழே நின்று அப்பத்தா, “தம்பி, சீக்கிரம் போடுய்யா, சரோ அழுதுக்கிட்டு இருக்கா!” மேலேயிருந்து அவர், “யாரு ஆத்தா, உங்க பேத்தியா?” இரண்டு மாதம் வாய் திறக்காத எங்கள் அம்மா கத்தினார்: “சிதம்பரத்தோட மக!” “அட, அந்தச் சரோவா!” என்றார் லைன்மேன். அடுத்த நிமிடம் தெருவுக்கு வெளிச்சம் வந்துவிட்டது.

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம், இன்னொரு தடவை சொல்கிறேன். “யாரு ஆத்தா, உங்க பேத்தியா?” “சிதம்பரத்தோட மக!” அந்த மனிதர் வீட்டிலும் அதே சீரியல்தானே!

முதல் தடவை ஒன்றை விட்டுவிட்டேன். கரண்ட் வந்ததும் இரண்டு பேரும் உள்ளே ஓடினார்கள். வாசல் படியில் அம்மா சட்டென்று கையை நீட்டி, “அத்தே, படி, பாத்து” என்றார். அப்பத்தா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். அண்டா அதற்குப் பிறகும் நசுங்கித்தான் கிடந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

2020 ஊரடங்கில் ‘மெட்டி ஒலி’யை மறுபடி போட்டார்கள். அப்பத்தா இல்லை. அவருடைய நாற்காலி மட்டும் டிவிக்குப் பக்கத்தில், அதே இடத்தில். பாட்டு ஆரம்பித்ததும் அம்மா ரிமோட்டை எடுத்தார். கூட்டினார். இன்னும் கூட்டினார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அளவுக்குக் கூட்டினார். வீட்டில் இருந்த எங்கள் எல்லாருக்கும் காது நன்றாகவே கேட்கும். ஒருவர்கூடக் குறைக்கச் சொல்லவில்லை.

நடுவர் மணியடித்துவிட்டார். வணக்கம்.