முதல் திருத்தம் உண்மையில் மூன்றாவது! அமெரிக்க உரிமைகள் சாசனம் பிறந்த கதை

[திரையில்: பழுப்பேறிய தோல் ஆவணம். கேமரா மெல்ல மூன்றாம் பத்தியை நெருங்குகிறது.]

வணக்கம். அமெரிக்காவில் பேச்சுரிமை குறித்து எந்த வழக்கு எழுந்தாலும், எந்தத் தொலைக்காட்சியில் விவாதம் நடந்தாலும், 'முதல் திருத்தம்' என்ற சொல் வந்து விழுந்துவிடும். பேச்சும் பத்திரிகையும் மதமும்தான் எல்லாவற்றுக்கும் மேலானவை என்று கருதியே அந்நாட்டை நிறுவியவர்கள் அவற்றுக்கு முதலிடம் தந்தார்கள் என்று முழங்குவோரும் உண்டு. வாஷிங்டனில் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் உரிமைகள் சாசனத்தின், அதாவது அரசியலமைப்பில் உரிமைகளுக்காகச் சேர்த்த திருத்தங்களின், மூலப் பிரதியைச் சற்று உற்றுப் பாருங்கள். பேச்சுரிமை மூன்றாவதாக இருக்கிறது. அதற்கு மேலே உள்ள இரண்டு பத்திகளில் ஒன்று பிரதிநிதிகள் சபையின் உறுப்பினர் எண்ணிக்கையைப் பற்றியது; மற்றொன்று, சிரிக்காதீர்கள், காங்கிரஸ் எனப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர்களின் சம்பளத்தைப் பற்றியது. அந்தச் சம்பளப் பத்தியை ஒரு கல்லூரி மாணவர் தூக்கத்திலிருந்து எழுப்பிய கதை கடைசியில் வருகிறது. பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1776-இல் விடுதலையை அறிவித்த 13 மாநிலங்களின் கூட்டரசுக்கு வரி விதிக்கும் அதிகாரமே இல்லாததால், போரிட்ட வீரர்களுக்குச் சம்பளம் கொடுப்பதற்குக்கூட அது மாநிலங்களிடம் கையேந்தி நின்றது. இதைச் சரிசெய்ய 1787 மே மாதம் பிலடெல்பியாவில் கூடத் தொடங்கிய பிரதிநிதிகள் மொத்தம் 55 பேர். உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது என்று விதி வகுத்துக்கொண்டு, செப்டம்பர் 17 வரை விவாதித்துப் புதிய அரசியலமைப்பை எழுதி முடித்தார்கள்.

முடிவதற்கு ஐந்து நாள் முன்பு, 1776-இல் வர்ஜீனியாவின் உரிமைப் பிரகடனத்தை எழுதிய ஜார்ஜ் மேசன், இந்த ஆவணத்துக்கும் ஓர் உரிமைப் பட்டியல் வேண்டும், சில மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்றார். வாக்கெடுப்பில் ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. ஏறத்தாழ நான்கு மாதம் வீட்டைப் பிரிந்திருந்தவர்களிடம் புறப்படும் நேரத்தில் புதிய வேலையை நீட்டினால் வேறென்ன நடக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மேசன் கடைசிவரை கையெழுத்திடவில்லை. உரிமைக்காக இவ்வளவு பிடிவாதம் காட்டிய அதே மேசனின் தோட்டத்தில் அடிமைகள் உழைத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டியல் வேண்டாம் என்றவர்களின் வாதத்தையும் எளிதில் தள்ளிவிட முடியாது. பத்திரிகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரமே அரசுக்குத் தரப்படாதபோது, கட்டுப்படுத்தக் கூடாது என்று ஏன் எழுத வேண்டும், எழுதினால் அப்படியோர் அதிகாரம் இருப்பதாக ஆகிவிடாதா என்று கேட்டார் அலெக்சாண்டர் ஹாமில்டன். வீட்டுக்குக் காவலாளி வைத்து, 'சமையலறைக்குள் போகாதே, பீரோவைத் தொடாதே' என்று சீட்டு எழுதிக் கொடுத்தால், சீட்டில் இல்லாத அறைக்கெல்லாம் போகலாம் என்று அவர் நினைத்துக்கொள்ள மாட்டாரா? அரசியலமைப்பின் தந்தை எனப் போற்றப்படும் ஜேம்ஸ் மேடிசனும் அப்போது இந்தக் கட்சிதான். தோல் தாளில் எழுதும் வேலி பெரும்பான்மையின் வேகத்தைத் தடுக்காது என்பது அவருடைய எண்ணம்.

அந்த மேடிசனே உரிமைகளின் பட்டியலை எழுதும்படி நேர்ந்தது எப்படி? இந்தக் காணொளியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

[திரையில்: வர்ஜீனியா வரைபடம். பனி பொழியும் சாலை.]

புதிய அரசியலமைப்பை வர்ஜீனியா 89-க்கு 79 என்ற வாக்கில் தட்டுத்தடுமாறித்தான் ஏற்றது. அதை எதிர்த்துத் தோற்ற பேட்ரிக் ஹென்றி, மாநிலச் சட்டமன்றத்தில் தனக்கிருந்த செல்வாக்கைக் கொண்டு மேடிசனை காங்கிரசின் மேலவையான செனட்டுக்குப் போகவிடாமல் தடுத்தார். அதோடு விடவில்லை, மேடிசன் போட்டியிடக்கூடிய பிரதிநிதிகள் சபைத் தொகுதியில், அரசியலமைப்பை எதிர்த்த வட்டாரங்களாகப் பார்த்துச் சேர்க்கச் செய்தார். எதிர் வேட்பாளராக நின்றவர் மேடிசனின் நண்பர் ஜேம்ஸ் மன்றோ. இருவருமே பிற்காலத்தில் குடியரசுத் தலைவர் ஆனவர்கள். அப்படிப்பட்ட இருவர் ஒரு தொகுதிக்காக மோதியதை நினைத்துப் பாருங்கள்.

அந்தத் தொகுதியில் பாப்டிஸ்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கணிசமாக இருந்தார்கள். ஆங்கிலிகன் திருச்சபை அரசு மதமாக இருந்த காலத்தில், தங்கள் போதகர்கள் அனுமதியின்றிப் பிரசங்கம் செய்ததற்காகச் சிறை சென்றதை அவர்கள் மறக்கவில்லை. மத உரிமைக்கு எழுத்தில் உத்தரவாதம் இல்லாத சட்டத்தை எழுதியவருக்கு எப்படி வாக்களிப்பது என்பது அவர்கள் கேள்வி. 1789 ஜனவரியில் மேடிசன் ஒரு பாப்டிஸ்ட் போதகருக்குக் கடிதம் எழுதி, முதல் காங்கிரசிலேயே உரிமைகளுக்கான திருத்தங்களைக் கொண்டுவரப் பாடுபடுவேன் என்று வாக்குறுதி கொடுத்தார். தேர்தல் வாக்குறுதிதான், நமக்குப் பழக்கமான சரக்குதான்!

கடுங்குளிரில் மேடிசனும் மன்றோவும் ஊர் ஊராகச் சென்று ஒரே கூட்டத்தில் எதிரெதிராக வாதிட்டார்கள். ஒரு தேவாலயத்தின் வெளியே, பனியில் நின்றபடி மக்கள் கேட்டுக்கொண்டிருந்த அத்தகைய விவாதம் ஒன்றை முடித்துவிட்டு இரவில் குதிரையில் திரும்பியபோது மேடிசனின் மூக்கு உறைபனியில் புண்ணாகிவிட்டது. முதுமையிலும் அந்தத் தழும்பைத் தொட்டுக் காட்டி, நாட்டுக்காகப் பட்ட விழுப்புண் என்று சிரிப்பாராம். மேடிசனுக்கு 1,308 வாக்குகள், மன்றோவுக்கு 972. வித்தியாசம் 336.

வாக்குறுதியை அவர் காப்பாற்றினார். 1789 ஜூன் 8 அன்று திருத்தங்களை முன்வைத்தபோது, வரி வசூலுக்கு வழி செய்ய வேண்டிய நேரத்தில் இது எதற்கு என்று சக உறுப்பினர்கள் அலுத்துக்கொண்டார்கள். அவற்றை மூலச் சட்டத்தின் நடுவே ஆங்காங்கே செருக வேண்டும் என்றார் மேடிசன். கடைசியில்தான் சேர்க்க வேண்டும் என்று சக உறுப்பினர் ரோஜர் ஷெர்மன் விடாப்பிடியாக நின்று வென்றார். 'முதல் திருத்தம்', 'இரண்டாம் திருத்தம்' என்று எண் போட்டுச் சொல்ல முடிவது அவர் புண்ணியம். பிரதிநிதிகள் சபை 17-ஐ அனுப்ப, செனட் அவற்றைச் சுருக்கியும் இணைத்தும் வெட்டிய பிறகு 12 மிஞ்சின. ஹாமில்டனின் காவலாளிச் சிக்கலுக்கும் மேடிசன் விடை வைத்திருந்தார்: சில உரிமைகள் பட்டியலில் இருப்பதைக் காட்டி, மக்களிடமுள்ள மற்ற உரிமைகளை மறுக்கக் கூடாது என்ற அந்த வரிதான் இன்றைய ஒன்பதாம் திருத்தம்.

செனட் வெட்டியெறிந்தவற்றுள் ஒன்றைத்தான் மேடிசன் பட்டியலிலேயே மதிப்புமிக்கது என்று கருதியிருந்தார். மனச்சான்றின் உரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் ஜூரி விசாரணையையும் மாநிலங்களும் மீறக் கூடாது என்பது அது. அது போனதன் விலை பெரிது. உரிமைகள் சாசனம் ஒன்றிய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும், மாநிலங்களை அல்ல என்று 1833-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.  அடிமை முறையையோ பன்னிரண்டில் ஒன்றுகூடத் தொடவில்லை, 1790 கணக்கெடுப்பில் சுமார் 7 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தும். உள்நாட்டுப் போர் முடிந்து, 1868-இல் 14-ஆம் திருத்தம் வந்த பிறகே மாநிலங்களையும் தட்டிக்கேட்க வழி திறந்தது.

1791 டிசம்பர் 15-க்குள் 12-இல் 10 மட்டும் போதிய மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்றன. மேலே இருந்த இரண்டும் விழுந்ததால் மூன்றாவது முதலாவது ஆயிற்று. உறுப்பினர் எண்ணிக்கை பற்றிய பத்தி இன்றும் தொங்கிக்கொண்டிருக்கிறது. 50,000 பேருக்கு ஒருவர் என்ற அதன் கடைசி விகிதத்தை இன்றைய மக்கள்தொகைக்குப் பொருத்தினால், 435 பேர் உள்ள சபையில் ஆறாயிரம் பேருக்கு மேல் உட்கார வேண்டியிருக்கும். விளையாட்டு அரங்கத்தில்தான் சபையைக் கூட்ட வேண்டும்!

இனி அந்த மாணவர். உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றினால் அடுத்த தேர்தலுக்குப் பிறகே அது நடைமுறைக்கு வர வேண்டும் என்ற அந்தப் பத்திக்குக் காலக்கெடு விதிக்கப்படவே இல்லை, ஆகவே அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று 1982-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன் தன் பாடக் கட்டுரையில் எழுதினார். கிடைத்த மதிப்பெண் 'சி'. கோபம் வந்த மனிதர், ஒவ்வொரு மாநிலச் சட்டமன்றத்துக்கும் கடிதம் எழுதத் தொடங்கினார். ஆண்டுக்குச் சில மாநிலங்களாகச் சேர்ந்து, 1992 மே மாதம் தேவையான எண்ணிக்கை எட்டப்பட்டு, 202 ஆண்டுகளுக்குப் பிறகு அது 27-ஆம் திருத்தம் ஆனது. மதிப்பெண் திருத்தம் நிறைவேற மட்டும் மேலும் 25 ஆண்டு ஆயிற்று. 2017-இல்தான் பல்கலைக்கழகம் அந்த 'சி'யை 'ஏ' ஆக்கியது.