கடைசியில என்ட நெஞ்சுப் படபடப்பு இசிஜியில பிடிபட்டுட்டுது!

வணக்கம், வெள்ளவத்தையில இருந்துதான் கதைக்கிறன், கோச்சிச் சத்தம் கேட்டா பொறுத்துக்கொள்ளுங்கோ. திடீர் திடீரெண்டு நெஞ்சு அடிச்சுக்கொண்டு ஓடுது, ஒருத்தரும் நம்பீனம் இல்லை எண்டு போன வீடியோவில சொன்னனான் தானே? செவ்வாய்க்கிழமை பிடிபட்டுட்டுது! நிமிஷத்துக்கு 190! சும்மா இருக்கேக்க 60ல இருந்து 100க்குள்ள இருக்கோணும்.

ரெண்டு வருஷமா ஓட்டோ பிடிச்சு காலி வீதி நெரிசலுக்குள்ளால போய்ச் சேரமுதல் அது நிண்டுடும், இசிஜி எடுத்தா ஒண்டும் இல்லை, "டென்ஷன், கேஸ்" எண்டு அனுப்பிவிடுவினம். கேஸ் எண்ட சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்ப கோவம் வருது. டென்ஷன் எண்டா மெதுவா ஏறி மெதுவா இறங்கும், எனக்கு சுவிச் போட்ட மாதிரித் தொடங்கி சுவிச் நூத்த மாதிரி நிக்குது, அதை எத்தினை தரம் சொல்லியிருப்பன்!

இந்த வருத்தத்தின்ட பேர் எஸ்விடி, இதயத்தின்ட மேல்பக்கத்துக் கோளாறால திடீரெண்டு வேகமா அடிக்கிறது. இதயத்தின்ட மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில ஏவி நோட் எண்டு ஒரு சந்தி இருக்கு, என்ட சந்தியில ரெண்டு பாதையாம், கரண்ட் ஒண்டால இறங்கி மற்றதால ஏறி திரும்ப இறங்கி, கொழும்பு லிப்டன் சேர்க்கஸ் சுற்றுவட்டத்தில வெளிய போகாம சுத்திக்கொண்டே இருக்கிற பஸ் மாதிரி. இதயம் நிரம்பவே நேரம் இல்லை, அதால பிரஷர் இறங்கி தலை சுத்துது.

இந்தமுறை 1990 எண்ட அம்புலன்ஸ் நம்பருக்கு எடுத்தன், அதுக்கு ஒரு சதமும் இல்லை, வந்த பிள்ளையள் தங்கமான பிள்ளையள். ஈடியூவில, அதான் ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவில, சாய்ஞ்சு இருக்கவச்சு 10 மில்லி சிரிஞ்சுக்குள்ள 15 செக்கன் ஊதச்சொல்லி, உடன டக்கெண்டு படுக்கவச்சு காலைத் தூக்கிப் பிடிச்சினம், ரெண்டாந்தரம் நிண்டுட்டுது! இங்கிலாந்தில 428 பேரில செய்து பாத்து 2015ல வெளியிட்டவையாம், சும்மா ஊதினதில 17 வீதம் பேருக்கு நிண்டது, ஊதிப்போட்டுக் காலையும் தூக்கினதில 43 வீதம். நிக்காட்டி அடினோசின் ஊசி போடுறவை.

ஆ, மறந்துட்டன், நிண்டாப்பிறகு அடிக்கடி யூரின் போகுது எண்டு போன வீடியோவில சொன்னனான் எல்லோ, அதுவும் இதாலதான், மேலறை இழுபட்டு ஒரு ஹோர்மோனை விடுதாம்.

இப்ப இந்தப் பேப்பர். இசிஜித் துண்டை லேமினேட் பண்ண கொமியூனிகேஷனுக்கு, அதான் ஃபோட்டோகொப்பிக் கடைக்குக் கொண்டுபோனன், மெஷினுக்குள்ள விடப்போற நேரம் அந்தத் தம்பி "அக்கா, இது சூட்டுக்குக் கறுத்துப்போற பேப்பர்" எண்டு நிப்பாட்டினவன், ரெண்டு வருஷம் காத்திருந்த சாட்சி போயிருக்கும்! 60 ரூவாய்க்கு கலர் கொப்பி மூண்டு எடுத்தன், ஃபோனிலயும் ஃபோட்டோ இருக்கு. நீங்களும் எடுத்து வையுங்கோ, வச்சிருக்க வச்சிருக்க மங்கும்.

எல்லா வேகமும் ஒண்டில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எண்டா தாளமே இல்லாம அடிக்கும், ரத்தம் கட்டி ஸ்ட்ரோக் வரலாம். கீழறையில தொடங்கிறது உயிராபத்தா இருக்கலாம். மயக்கம், நெஞ்சுநோ வந்தா ஊதிக்கொண்டு இருக்காதேங்கோ, 1990.

அடுத்த கிழமை ஸ்பெஷலிஸ்டைப் பாக்கிறன், அந்த ரெண்டு பாதையில மெதுவானதைக் கம்பி விட்டுச் சுடுற அப்லேஷன் பற்றிக் கேக்கப்போறன், கொப்பி மூண்டும் பையிக்குள்ள ரெடி.