விமானத்திலிருந்து குதித்தால் வயிறு கலங்காதா? பாராசூட் வீரரின் அந்த ஒரு நிமிடம்

[காட்சி: காசிமேடு மீன்பிடித் துறைமுகம், காலை. விசைப்படகின் மேல்தளத்திலிருந்து பையன்கள் ஒவ்வொருவராகக் கடலில் குதிக்கிறார்கள்.]

இந்தப் பையன்களைப் பாருங்கள். கால் தளத்தை விட்டதும் அடிவயிற்றில் 'ஜிவ்'வென்று ஒன்று ஏறும் இல்லையா? குதித்த எல்லோருக்கும் அது தெரியும். இங்கே உயரம் மிஞ்சிப் போனால் பத்தடி இருக்கும்.

இப்போது நான் சொல்லப் போவதை முதலில் நம்ப மாட்டீர்கள். 1,250 அடி உயரத்தில் பறக்கும் ராணுவ விமானத்தின் கதவிலிருந்து குதிக்கும் வீரருக்கு அந்த 'ஜிவ்' பெரும்பாலும் வருவதே இல்லை. வயிறு விஷயத்தில் காசிமேட்டுப் பையன்தான் முன்னால் நிற்கிறான்.

எப்படி என்று சொல்கிறேன். வீடியோவை நிறுத்தாமல் பாருங்கள், ஏனென்றால் எனக்கே இதில் மிகவும் பிடித்த பகுதி கடைசியில்தான் வருகிறது.

வணக்கம். தண்டையார்பேட்டையிலிருந்து பேசுகிறேன். எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார், பாராசூட் படைப்பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருவே அவரை 'மிலிட்டரி மாமா' என்றுதான் கூப்பிடும். இந்த வீடியோவுக்காக மூன்று மாலை அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வரலாற்றை வேகமாக முடித்துவிடலாம். இந்திய ராணுவத்தில் பாராசூட் பயிற்சி 1941இல் தொடங்கியது. இப்போது அந்தப் பயிற்சி ஆக்ராவில் நடக்கிறது, வீரர்கள் போய் இறங்கும் திடலுக்கு மால்புரா என்று பெயர். ஐந்து முறை குதித்து முடித்தால் நெஞ்சில் சிறகுச் சின்னம் குத்துவார்கள். 1971 டிசம்பர் 11 அன்று வங்கதேசத்தின் டாங்கைலில் நம் 2 பாரா பட்டாலியன் குதித்தது, வங்கதேசப் போரின் போக்கை வேகப்படுத்திய குதிப்பு அது. போதும்.

இல்லை, ஒரு ஆளை மட்டும் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இந்தியர்களில் முதன்முதலாகப் பாராசூட்டில் குதித்த இருவரில் ஒருவர் ஹவில்தார் மேஜர் மதுரா சிங். இன்னொருவர் ஏ.ஜி. ரங்கராஜ். முழுப் பெயர் ஆற்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். ஆமாம், நம் ஆற்காடுதான். அவர் ஒரு டாக்டர்! பின்னால் கொரியப் போரில் 60ஆவது பாராசூட் மருத்துவப் பிரிவுக்குத் தலைமை தாங்கிப் போனார். 1951 மார்ச்சில் முன்சான்-நி என்ற இடத்தில் அமெரிக்கப் படை குதித்தபோது, அந்த இந்திய மருத்துவப் பிரிவிலிருந்தும் ஒரு சிறு குழு கூடவே குதித்தது. மகாவீர் சக்ரா வாங்கியவர். வட சென்னையில் எத்தனை தெருவுக்கு யார் யார் பெயரோ இருக்கிறது, இவர் பெயரில் ஒரு தெரு வேண்டும் என்று நான் உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

[காட்சி: விமானத்தின் உட்புறம், வரைபடம்.]

சரி, விமானத்துக்குள் போவோம்.

உள்ளே நல்ல இருக்கை எல்லாம் கிடையாது. நைலான் பட்டை கட்டிய நீளமான பெஞ்சு. முதுகில் பெரிய பாராசூட், வயிற்றுக்கு மேல் அவசரப் பாராசூட், காலுக்கு முன்னால் பை, பக்கவாட்டில் துப்பாக்கி. எல்லாம் சேர்ந்தால் 50 கிலோவைக்கூடத் தாண்டலாம். நம் கணக்கில் இரண்டு சிப்பம் அரிசியை உடம்பில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. தொடைப் பட்டைகளை அப்படி இறுக்கி வைத்திருப்பார்கள், அரை மணி நேரத்தில் கால் மரத்துப் போகும். விமானம் தாழ்வாகப் பறப்பதால் தரையிலிருந்து ஏறும் வெப்பக் காற்றில் தூக்கித் தூக்கிப் போடும். எரிபொருள் வாடை. யாராவது ஒருவர் வாந்தி எடுப்பார், அதைப் பார்த்து அடுத்தவர் எடுப்பார்.

மாமா சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "தம்பி, தைரியத்துல குதிச்சேன்னு நெனைக்காத. எப்படா இந்த டப்பாவை விட்டு வெளிய போவோம்னு இருக்கும். கதவு திறந்து காத்து உள்ள வந்தா சாமி வந்த மாதிரி."

வேறு பாராசூட் வீரர்கள் பலரும் இதே மாதிரிதான் சொல்கிறார்கள்.

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். விமானத்தின் உட்கூரையில் நீளவாக்கில் ஒரு இரும்புக் கம்பி ஓடும். ஒவ்வொருவரும் தன் பாராசூட்டோடு இணைந்த பட்டையின் கொக்கியை அந்தக் கம்பியில் மாட்டுவார். மாட்டிவிட்டு, முன்னால் நிற்பவரின் முதுகுப் பையை இவர் சரிபார்ப்பார், இவர் முதுகைப் பின்னால் இருப்பவர் பார்ப்பார். பச்சை விளக்கு எரிந்ததும் வரிசையாகக் கதவு வழியே வெளியே. வீரர் எதையும் இழுக்க வேண்டாம். அவர் விழுந்ததும் அந்தப் பட்டை இறுகி, பாராசூட்டை உறையிலிருந்து தானே உருவிவிடும். சினிமாவில் வானத்தில் பறந்துகொண்டே சாவகாசமாக ஒரு கயிற்றை இழுப்பார்களே, அது வேறு வகை.

இப்போது கணக்கைக் கவனியுங்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்த இடம் இது.

விமானம் மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு நொடிக்கு 65 மீட்டருக்கு மேல். கதவில் நிற்பவர் ஒரே ஒரு நொடி தயங்கினால், அவருக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் 65 மீட்டர் தள்ளிப் போய் விழுவார்கள். ஒரு கதவில் முப்பது பேர், நொடிக்கு ஒருவர் என்று குதித்தாலே முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் வந்துவிடும். ராயபுரத்தில் முதல் ஆள் இறங்கினால் கடைசி ஆள் தண்டையார்பேட்டைப் பக்கம். இடையில் ஆளுக்கு நாலு நொடி யோசித்தால்? கடைசி ஆள் திருவொற்றியூரையும் தாண்டிக் கடலில் கிடப்பார்.

அதனால்தான் கதவில் நிற்கும்போது தன் கால் தனக்குச் சொந்தமில்லை என்கிறார் மாமா. அது பின்னால் நிற்கும் முப்பது பேருடைய கால். "நான் நின்னுட்டா அவன் ஆத்துல விழுவான்." அவர் அந்த நேரத்தில் தன்னைப் பற்றி நினைத்ததே இல்லையாம். இதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சரி, அந்த 'ஜிவ்' விஷயம். வாக்குக் கொடுத்தேன் அல்லவா?

படகிலிருந்து குதிக்கும் பையனைச் சுற்றிக் காற்று சும்மா நிற்கிறது. முதல் நொடியில் அவனைத் தாங்க எதுவுமே இல்லை. உடம்பும் உள்ளே இருக்கும் குடலும் ஒரே வேகத்தில் விழுவதால், குடலுக்கு எடை போய்விடுகிறது. அதுதான் வயிறு தூக்குவது. ஆனால் விமானத்திலிருந்து வெளியே வருபவர் நிற்கும் காற்றில் விழவில்லை, 240 கிலோமீட்டர் வேகக் காற்றில் போய் மோதுகிறார். அது அவரை வாரிச் சுருட்டிப் பின்னால் இழுக்கிறது. எண்ணூர் நெடுஞ்சாலையில் பைக்கில் போகும்போது எதிரே கன்டெய்னர் லாரி கடந்தால் நெஞ்சில் ஒரு அறை விழுமே, அதைப் பல மடங்கு பெருக்கிக்கொள்ளுங்கள். விழுகிறோம் என்று தெரிவதற்கு முன்னால் யாரோ பிடித்து எறிந்த மாதிரி இருக்கும். கண்ணுக்கு வானம், விமானத்தின் வால், பூட்ஸ், மறுபடி வானம்.

இதற்கு நிரூபணம் வேண்டுமா? பிரிட்டிஷ் ராணுவம் பல பத்தாண்டுகள் பலூனில் தொங்கும் கூண்டிலிருந்து பயிற்சி கொடுத்தது. பலூன் அசையாமல் நிற்கும், இன்ஜின் சத்தம் இல்லை, காற்று இல்லை. 800 அடியில் அமைதியாக ஒரு சின்னக் கதவைத் திறந்து 'போ' என்பார்கள். விமானத்தில் சிரித்துக்கொண்டு குதித்தவர்கள் பலூன் என்றால் நடுங்கினார்கள்! காரணம் நம் காசிமேட்டுப் பையனின் காரணமேதான்.

இன்னொன்று. அமெரிக்காவில் ஃபோர்ட் பென்னிங் பயிற்சிப் பள்ளியில் 34 அடி கோபுரம் ஒன்று இருக்கிறது. நம் வண்ணாரப்பேட்டையில் மூன்று மாடி வீட்டு மொட்டை மாடி உயரம். பலருக்கு விமானத்தை விட அந்தக் கோபுரம்தான் பயமாம். 34 அடியிலிருந்து பார்த்தால் கீழே நிற்பவர் முகம் தெரிகிறது, தரை தரையாகத் தெரிகிறது, விழுந்தால் என்ன ஆகும் என்று மூளைக்குப் புரிகிறது. 1,250 அடியில் தரை ஒரு படம் மாதிரி ஆகிவிடுகிறது. மாஞ்சா காலத்தில் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று காத்தாடி விட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பயத்தைப் பற்றி ஒரு நல்ல ஆய்வும் உண்டு. 1960களில் ஃபென்ஸ், எப்ஸ்டைன் என்ற இரண்டு உளவியலாளர்கள் பாராசூட்டில் குதிப்பவர்களின் இதயத் துடிப்பு, மூச்சு, தோல் வியர்வை எல்லாம் அளந்தார்கள். இவர்கள் ராணுவத்தினர் இல்லை, விளையாட்டாகக் குதிப்பவர்கள். புதியவர்களுக்குப் பதற்றம் குதிக்கும் கணம் வரை ஏறிக்கொண்டே போனது. அனுபவசாலிகளுக்கு அது முன்கூட்டியே உச்சம் தொட்டு, கதவை நெருங்கும்போது இறங்கியிருந்தது. அவர்களுக்கும் பயம் வருகிறது, சீக்கிரமே வந்துவிட்டுப் போய்விடுகிறது. மாமாவுக்கு இந்த ஆய்வு பற்றித் தெரியாது. ஆனால் அவர் சொன்னார்: "எனக்கு முந்தின ராத்திரியே வந்துட்டுப் போயிடும். காலையில இட்லி நல்லா எறங்கும்."

[காட்சி: சொறிமீன் கடலில் மிதக்கும் படம், பக்கத்தில் விரிந்த பாராசூட்.]

விரிந்த பாராசூட்டைக் கீழிருந்து பார்த்தால் வலையில் மாட்டும் சொறிமீன் மாதிரியே இருக்கும். வட்டக் குடை, கீழே தொங்கும் கயிறுகள், லேசாகச் சுருங்கி விரியும் அசைவு. மூன்று நான்கு நொடி எண்ணுவார்கள், அதற்குள் தோளில் பலமாக ஒரு இழுப்பு. உடனே தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும்: குடை முழுதாக இருக்கிறதா? கயிறுகள் முறுக்கியிருந்தால் சைக்கிள் மிதிப்பது போல் காலை உதைத்து முறுக்கை எடுக்க வேண்டும்.

வானத்தில் நெரிசலும் உண்டு. ஒரு குடைக்கு நேர் மேலே இன்னொரு குடை வந்தால், கீழே இருப்பது மேலே இருப்பதன் காற்றைத் திருடிவிடும். மேல் குடை சுருங்கி மளமளவென்று இறங்கும், கீழே போனதும் புதுக் காற்றுப் பட்டு விரியும். இப்போது மாட்டுவது மற்றவர். காத்தாடி டீல் விடுவது மாதிரி என்று நினைக்காதீர்கள், இங்கே யாரும் அறுபட ஆசைப்படுவதில்லை. அதனால் கத்துவார்கள், விலகு என்று கத்துவார்கள், கயிற்றை இழுத்து நகர்வார்கள்.

இறங்கும் வேகம் நொடிக்கு ஆறு ஏழு மீட்டர். கணக்குப் போட்டால் ஆறிலிருந்து எட்டடி காம்பவுண்ட் சுவரிலிருந்து குதிக்கும் அடி. கூடவே பக்கக் காற்றும் தள்ளும். அதனால் கால்களை ஒட்ட வைத்து, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகின் பக்கம் என்று வரிசையாகத் தரையில் உருண்டு அடியைப் பிரித்துக் கொடுப்பார்கள். நம் கபடி பசங்களுக்கு இது பாதி தெரியும்.

இத்தனையும் எவ்வளவு நேரம் என்று நினைக்கிறீர்கள்? கதவிலிருந்து தரை வரை ஏறத்தாழ ஒரு நிமிடம். கொருக்குப்பேட்டை கேட்டில் ஒரு சரக்கு ரயில் கடப்பதற்குள் முதல் ஆள் இறங்கிப் பாராசூட்டைச் சுருட்டி முடித்திருப்பார்.

அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடத்தைத்தான் கடைசிக்கு வைத்திருந்தேன். இவ்வளவு நேரம் இன்ஜின் காதைப் பிளந்தது, ஒருவரோடு ஒருவர் கத்தித்தான் பேசினார்கள். குடை விரிந்ததும் விமானம் போய்விடுகிறது. சட்டென்று அமைதி. குதித்த பலரும் முதலில் சொல்வது இதைத்தான். அவ்வளவு அமைதியில் கீழே தரையில் நடப்பது காதில் விழுமாம். மாமாவிடம் கேட்டேன், முதல் முறை உங்களுக்கு என்ன கேட்டது என்று.

கொஞ்ச நேரம் யோசித்தார். "மால்புராவுல வயல் ஓரம் ஒரு பொம்பளை எருமையைத் திட்டிட்டு இருந்தா. ஹிந்தி அப்ப எனக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனா திட்டுறான்னு நல்லா புரிஞ்சது. வண்ணாரப்பேட்டையில எங்க அம்மா ஆட்டைத் திட்டுற மாதிரியே இருந்தது. சிரிச்சுக்கிட்டே எறங்கினேன்."

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது குதித்தவர் இருந்தால், போய் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: மேலே அமைதியானதும் காதில் முதலில் விழுந்த சத்தம் எது? பதிலைக் கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் மாமாவுக்குப் படித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.